நேரு ஸ்டேடியம்: 1-0 ஜெயித்த ராத்திரிக்கு எந்த கேலரி சரி?

சென்னையின் எஃப்சி ஒரே கோல் வித்தியாசத்தில் ஜெயித்த ராத்திரிகளில், பெரியமேட்டிலிருந்து சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் ரயில் நிலையத்துக்கு நடக்கிற கூட்டத்தில் இரண்டு கட்சி இருக்கும். "ஒரு கோல வெச்சிக்கினு ஏன்டா அத்தினி பேரும் பாக்ஸ்ல போயி குந்திக்கினானுங்க?" என்பது ஒரு கட்சி (பாக்ஸ் என்றால் கோலுக்கு முன்னால் உள்ள பெனால்டி கட்டம்). "எதிராளி உள்ளயே வர்ல மச்சான், அப்புறம் இன்னா வோணும் உனுக்கு?" என்பது இன்னொரு கட்சி. இரண்டு பக்கமும் ஆட்டம் தெரிந்தவர்கள்தான். வியாசர்பாடி, புளியந்தோப்பு, பெரம்பூர் பக்கம் பந்தை உதைத்தே வளர்ந்தவர்கள். ஒருவர் கோல் போஸ்டுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்திருப்பார், மற்றவர் பக்கவாட்டில். இந்த ஸ்டேடியத்தில் அந்த வித்தியாசம் மற்ற ஊர்களைவிடப் பெரிது. டிக்கெட் வாங்குமுன் அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

1993-ல் திறந்த ஸ்டேடியம் இது. 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் இங்கேதான் நடந்தன. ஃபுட்பாலுக்கு மட்டும் கட்டியதல்ல, சுற்றிலும் தடகள ஓடுபாதை உண்டு. அந்த ஓடுபாதைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

கணக்கு போட்டுப் பார்ப்போம். 400 மீட்டர் ஓடுபாதையின் நிலையான அளவுப்படி நேர்ப்பகுதி 84.39 மீட்டர், வளைவின் ஆரம் 36.5 மீட்டர். ஒரு லேன் 1.22 மீட்டர், 8 லேனுக்கு 9.76 மீட்டர். அதற்குள் 105க்கு 68 மீட்டர் ஃபுட்பால் மைதானத்தை வைத்தால், பக்கவாட்டில் டச்லைனிலிருந்து (மைதானத்தின் பக்கக் கோடு) ஓடுபாதையின் வெளிவிளிம்பு வரை சுமார் 12 மீட்டர்தான். கோல் லைனுக்குப் பின்னால் அதே தூரம் சுமார் 36 மீட்டர். அதாவது கோலுக்குப் பின்னால் உட்காருகிறவர், முதல் வரிசையிலேயே இருந்தாலும், பக்கத்து கோல் லைனிலிருந்து 36 மீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறார். எதிர்முனை கோல் லைன் 141 மீட்டருக்கு அப்பால். பின்வரிசைக்குப் போகப் போக இன்னும் கூடும்.

141 மீட்டரில் பந்து தெரியும், ஜெர்சி நிறம் தெரியும். பந்து தலையில் பட்டதா தோளில் பட்டதா, கீப்பர் விரல் நுனியால் தட்டினாரா போஸ்டில் பட்டுத் திரும்பியதா என்பது தெரியாது. சத்தமும் தாமதமாகத்தான் வரும். அத்தனை தூரத்திலிருந்து விசில் சத்தம் காதுக்கு வர ஏறக்குறைய 0.4 வினாடி ஆகும். ஓடிவரும் ஃபார்வர்ட் அந்த நேரத்தில் 3 மீட்டர் கடந்துவிடுவார். "கோல் விழுந்த அப்புறம்தான் விசில் அட்ச்சான்" என்று சத்தியம் செய்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் இருக்கையில் அப்படித்தான் கேட்டிருக்கும், அதிலும் டிரம் சத்தத்துக்கு நடுவில்.

ஆனாலும் கோலுக்குப் பின்னால் உள்ள கேலரியைத் தள்ளிவிடக் கூடாது. பக்கவாட்டில் கிடைக்காத ஒன்று அங்கே கிடைக்கிறது: அகலம். தற்காப்பில் ஆடும் நான்கு பேக்கும் ஒரே வரியில் நிற்கும்போது, லெஃப்ட் பேக்குக்கும் அவர் பக்கத்து ஸ்டாப்பருக்கும் (நடுவில் நிற்கும் பேக்) நடுவே எவ்வளவு இடைவெளி என்பது பின்னாலிருந்து பார்த்தால்தான் தெரியும். பந்து வலது ஓரத்துக்குப் போகும்போது மொத்த அணியும் அந்தப் பக்கம் நகர்கிறதா, இடது ஓரத்து விங்கர் மட்டும் சோம்பலாகத் தனியே நிற்கிறாரா என்பதும் அங்கிருந்துதான் தெரியும். ஒரு கோல் முன்னிலையைக் காப்பாற்றும் அணி பெரும்பாலும் உடைவது இந்த இடைவெளியில்தான். எதிரணி பந்தை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு வேகமாக மாற்றும்போது, பேக் ஒருவர் 2 மீட்டர் தாமதமாக நகர்ந்தால் போதும், நடுவில் ஒரு சந்து திறந்துவிடும். பக்கவாட்டிலிருந்து பார்க்கிறவருக்கு அந்த இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவராகத் தெரிவார்கள், சந்தே இருக்காது.

ஃப்ரீ கிக்குக்கும் இந்தக் கேலரிதான் சரி. சுவர் 9.15 மீட்டரில் நிற்கிறதா என்பது பக்கவாட்டுக்காரருக்குத் தெரியும். ஆனால் சுவர் போஸ்டை மறைக்கிறதா, கீப்பர் ஒரு அடி தப்பாக நிற்கிறாரா, பந்து எந்தப் பக்கம் வளைகிறது என்பதெல்லாம் பின்னாலிருந்து பார்க்கிறவருக்குத்தான். வளைத்து அடிக்கும் கோல் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். 2023 ஆகஸ்ட் 12 டுராண்ட் கோப்பையின் கொல்கத்தா டெர்பியில் (ஒரே ஊர் அணிகளின் மோதல்) ஈஸ்ட் பெங்கால் மோகன் பகானை 1-0 என்று ஜெயித்தது. சென்னைப் பையன் நந்தகுமார் சேகர் வலப்பக்கத்திலிருந்து உள்ளே வெட்டி இடக்காலால் வளைத்த பந்து அது. அது போன்ற கோலின் அழகு முழுதாகத் தெரிவது போஸ்டுக்கு நேர்பின்னால்தான். அந்த ஆட்டம் நடந்த சால்ட் லேக் ஸ்டேடியத்திலும் ஓடுபாதை உண்டு, தூரம் அங்கேயும் பிரச்சினைதான்.

பக்கவாட்டுக் கேலரிக்கு வருவோம். இதில் எல்லா இடமும் ஒன்றல்ல. முன்வரிசை கிடைத்தால் அதிர்ஷ்டம் என்று நினைத்து வாங்குகிறவர்கள் அதிகம். ஆட்டத்தைப் படிக்க அதுதான் மோசமான இடம். கண் மட்டம் தரையிலிருந்து 3 மீட்டர் உயரத்தில் இருந்து, ஆட்டக்காரர் 50 மீட்டர் தள்ளி இருந்தால், பார்க்கும் கோணம் மூன்றரை டிகிரிக்கும் குறைவு. 15 மீட்டர் உயரத்திலிருந்து 60 மீட்டர் தள்ளிப் பார்த்தால் அதுவே 14 டிகிரி. மூன்றரை டிகிரியில் மைதானம் ஒரு கோடாகச் சுருங்கிவிடும். நடுக்களத்தில் ஆடும் ஹாஃப் ஒருவரும் மறு ஓரத்து பேக் ஒருவரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதுபோல் தெரியும், உண்மையில் அவர்களுக்கு நடுவே 20 மீட்டர் இருக்கும். "அவன் பக்கத்துலயே நின்னுக்கினு உட்டுட்டான்" என்று திட்டு வாங்கும் பேக்குகளில் பாதிப் பேர் முன்வரிசைக் கண்களுக்கு மட்டும் பக்கத்தில் நின்றவர்கள்.

முன்வரிசையில் கிடைப்பது வேறு. ஓரத்தில் ஓடும் விங்கரின் மூச்சு, பேக்கும் ஸ்டாப்பரும் ஒருவரை ஒருவர் அதட்டுவது, டேக்கிளில் கால் மோதும் சத்தம். முதல் தடவை ஸ்டேடியம் வரும் பிள்ளைகளுக்கு அது வேண்டும், அவர்களை அங்கேயே உட்கார வையுங்கள். ஆட்டம் முடிந்து வாதாடப் போகிறவர்கள் மேல் வரிசைக்குப் போக வேண்டும்.

மேல் வரிசையிலும் நடுக்கோட்டுக்கு நேராகத்தான் உட்கார வேண்டும் என்பதில்லை. நடுக்கோடு பிடித்தால் இரண்டு பக்கமும் சமம். ஆனால் ஒரு கோல் ஆட்டத்தில் முக்கியமான 20 நிமிடம் ஒரு பக்க பாக்ஸைச் சுற்றித்தான் நடக்கும். நம் அணி இரண்டாம் பாதியில் எந்தப் பக்கத்தைக் காக்கும் என்பது டாஸுக்கு அப்புறம்தான் தெரியும் என்பதால் முன்கூட்டியே கணிக்க முடியாது. அதனால் நடுக்கோட்டிலிருந்து ஏதாவது ஒரு பக்கம் கொஞ்சம் தள்ளி, நடுவட்டத்துக்கும் பாக்ஸ் கோட்டுக்கும் இடைப்பட்ட பகுதிக்கு நேராக உட்காருவது நல்ல சமரசம். ஆஃப்சைடு பார்க்கவும் அதுவே வசதி. லைனில் நேராக இருக்கிறவர் தவிர வேறு யார் ஆஃப்சைடு பற்றிச் சொன்னாலும் அது ஊகம்தான். 10 மீட்டர் முன்னே பின்னே இருந்தாலே கண் ஏமாற்றும்.

இனி மேல் வரிசையில் உட்கார்ந்தபின் எதைப் பார்ப்பது. ஒற்றைக் கோல் வெற்றிக்குப் பிறகு எழும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: டீம் தானாகப் பின்வாங்கியதா, தள்ளப்பட்டதா? இதற்கு மைதானத்தில் கோடுகளே அளவுகோல். கோல் லைனிலிருந்து பாக்ஸ் கோடு 16.5 மீட்டர். அங்கிருந்து நடுவட்டத்தின் நம் பக்க விளிம்பு வரை ஏறக்குறைய 27 மீட்டர், நடுக்கோடு வரை 36 மீட்டர். 70-ஆவது நிமிடத்துக்குப் பிறகு எதிரணி பந்தை வைத்திருக்கும்போது இரண்டே இடத்தைப் பாருங்கள்: நம் ஸ்டாப்பர்கள் எந்தக் கோட்டில், நம் ஃபார்வர்ட் எந்தக் கோட்டில்.

ஸ்டாப்பர்கள் பாக்ஸ் கோட்டிலும் ஃபார்வர்ட் நடுவட்டத்தின் நம் பக்க விளிம்பிலும் இருந்தால், 27 மீட்டருக்குள் பத்துப் பேர். அது திட்டமிட்ட தற்காப்பு. கீழே இறங்கிவிட்டார்கள் என்று கத்த வேண்டியதில்லை, எதிரணி ஓரத்திலிருந்து கிராஸ் போடத்தான் முடியும். ஸ்டாப்பர்கள் பாக்ஸ் கோட்டில் இருக்க, ஃபார்வர்ட் நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் தனியாக நின்றால் அணி 40 மீட்டருக்கு இழுபட்டுவிட்டது. நடுவில் ஒரு பள்ளம் விழும். கிளியர் செய்த பந்து அந்தப் பள்ளத்தில்தான் விழும், எதிரணி ஹாஃப் ஓடிவந்து எடுப்பார், மறுபடி தாக்குதல். இது தள்ளப்பட்ட அணி. கோல் வாங்காமல் தப்பித்தாலும் அன்றைக்கு ஆடியது நல்ல ஆட்டம் அல்ல.

கிளியரன்ஸை எண்ணுவது இன்னும் தெளிவாகச் சொல்லும். கடைசி 20 நிமிடத்தில் நம் பாக்ஸிலிருந்து வெளியே போகும் பந்துகளில் 10 எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை நம்மவர் காலுக்குப் போகிறது, எத்தனை டச்சுக்கு, அதாவது பக்கக் கோட்டுக்கு வெளியே, போகிறது, எத்தனை நேராக எதிரணிக்கே திரும்புகிறது என்று விரல்விட்டு எண்ணுங்கள். டச்சுக்குப் போவது கெட்டதல்ல, அணி மூச்சு வாங்கிக்கொண்டு வரிசைக்கு வரும். நேராகத் திரும்புவது 6, 7 என்று போனால் குற்றம் பேக்குகள் மேல் இல்லை. முன்னால் பந்தை வாங்கி 5 வினாடி பிடித்துவைக்க ஆளில்லை என்று அர்த்தம். ராத்திரி டீக்கடையில் பேக்குகளைத் திட்டுகிறவர்கள் இதைத்தான் கவனிக்காமல் விடுகிறார்கள்.

பேக்குகளுக்கு முன்னால் நிற்கும் தடுப்பு ஹாஃபின் வேலையும் மேலிருந்துதான் புரியும். வியாசர்பாடியில் வளர்ந்த தனபால் கணேஷ் ஆடிய இடம் அது. இந்த ஸ்டேடியத்தில் 2018 மார்ச் 13 அன்று கோவாவுக்கு எதிரான இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) அரையிறுதி இரண்டாம் ஆட்டத்தில், 3-0 என்று ஜெயித்த கணக்கில் ஒரு கோல் அவருடையது. கோல் எல்லோர் நினைவிலும் இருக்கிறது. இரண்டு ஸ்டாப்பர்களுக்கு முன்னால் இடமும் வலமும் 5 மீட்டர், 5 மீட்டராக நகர்ந்து பாஸ் வழியை அடைக்கும் வேலையை முன்வரிசையிலிருந்து பார்த்தவர் பார்க்கவே முடியாது. அந்த இடத்தில் ஆடுகிறவர் நிறையத் தடவை பந்தையே தொட மாட்டார். பந்து அங்கே வராமல் போவதுதான் அவர் செய்த வேலை.

மாற்று ஆட்டக்காரர் சண்டை அடுத்தது. "சப் ஏன் 80 வரைக்கும் உடல?" என்று கேட்கிறவர் விதியை நினைவில் வைக்க வேண்டும். 5 பேரை மாற்றலாம், ஆனால் ஆட்டத்துக்கு நடுவே 3 தடவைதான் நிறுத்தலாம், இடைவேளையில் செய்வது இந்த மூன்றில் சேராது. 60-லும் 70-லும் இரண்டு தடவை பயன்படுத்திவிட்ட கோச், மூன்றாவதைக் கையில் வைத்திருப்பது நியாயம்தான். 85-ல் ஸ்டாப்பருக்குத் தசை பிடித்துக்கொண்டால் மாற்ற வழி வேண்டுமே. ஒரு தடவையும் பயன்படுத்தாமல் 80 வரை உட்கார்ந்திருந்தால் அது வேறு. சென்னைக் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை உலராது, 65 நிமிடத்துக்கு மேல் விங்கர்களின் கால் தளர்வது கண்ணுக்கே தெரியும். அவர்கள் தளர்ந்தால் பேக்குகளுக்கு உதவி வராது. அந்தப் புகார் சரியான புகார்.

நேரத்துக்கு ஸ்டேடியக் கடிகாரத்தை நம்ப வேண்டாம், போனில் ஸ்டாப்வாட்ச் போடுங்கள். நான்காவது நடுவர் தூக்கிக்காட்டும் எண் குறைந்தபட்சக் கூடுதல் நேரம். அதற்குள்ளும் ஒருவர் விழுந்து கிடந்தால் ரெஃப்ரி மேலும் சேர்க்கலாம். "4 நிமிஷம்னான், 6 நிமிஷம் ஆட்னான்" என்பதில் அநியாயம் எதுவும் இல்லை. கீப்பர் பந்தைப் பிடித்துக்கொண்டு படுப்பதற்கும் 2025 ஜூலை முதல் விதி மாறியிருக்கிறது. 8 வினாடிக்கு மேல் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். கடைசி 5 வினாடியை ரெஃப்ரி கையைத் தூக்கி விரலால் எண்ணிக்காட்டுவார். 1-0 முன்னிலையில் 90-ஆவது நிமிடத்தில் அப்படி ஒரு கார்னர் கொடுத்தால் மொத்த கேலரியும் கீப்பர் மேல் பாயும். அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு மட்டும் ஏன் என்று தெரியும்.

கடைசி நிமிடங்கள் எப்படித் திரும்பும் என்பதற்குச் சென்னையின் ரசிகர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2015 ஐஎஸ்எல் இறுதிப் போட்டியில், கோவாவின் ஃபட்டோர்டா மைதானத்தில், 87-ஆவது நிமிடத்தில் கோவா 2-1 என்று முன்னே போனது. அதன்பின் கோவா கீப்பர் கட்டிமணியின் சொந்தக் கோலும் நம் மெண்டோசாவின் கோலும் விழுந்து சென்னை 3-2 என்று கோப்பையை எடுத்தது. 2018 இறுதி பெங்களூருவில், அதுவும் 3-2. அங்கே 3-1 என்று இருந்து, கூடுதல் நேரத்தில் பெங்களூரு அணியின் மிக்கு ஒரு கோல் போட்டார், சென்னை தாங்கிக்கொண்டது. இரண்டு கோப்பையும் ஒரே கோல் வித்தியாசம். "ஒரு கோல் ஜெயிப்பெல்லாம் ஒரு ஜெயிப்பா" என்று இந்த ஊரில் யாரும் சொல்ல முடியாது.

மழைக்காலத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, பெரும்பாலான ஆண்டுகளில் ஐஎஸ்எல் ஆட்டங்கள் இந்த மாதங்களிலும் நடந்திருக்கின்றன. புல் லேசாக நனைந்தால் பந்து வழுக்கி வேகமாகப் போகும், தரைப்பாஸ் அணிக்கு லாபம். தண்ணீர் தேங்கினால் பாஸ் பாதி வழியில் நின்றுவிடும். அப்போது நெடும்பந்து அடிப்பது கையாலாகாத்தனம் இல்லை, அதுதான் சரியான ஆட்டம். மைதானத்தின் நிலையைப் பார்க்காமல் "பாஸே இல்ல" என்று மதிப்பெண் போடக் கூடாது. மேற்கூரை இருந்தாலும் காற்றோடு மழை அடித்தால் முன்வரிசை நனையும், மேல் வரிசைக்கு இன்னொரு காரணம் அது.

மற்றவை சுருக்கமாக. ஹெல்மெட், பெரிய பை, தண்ணீர் பாட்டில் உள்ளே விட மாட்டார்கள், வண்டியில் வருகிறவர்கள் ஹெல்மெட்டை வண்டியிலேயே பூட்ட ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். உள்ளே சாப்பாடு விலை அதிகம், ருசி சுமார். பெரியமேட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போவது மேல். இடைவேளை 15 நிமிடம்தான், முதல் 8 நிமிடம் கழிப்பறை வரிசை நீளம், கொஞ்சம் பொறுத்துப் போனால் சீக்கிரம் வரலாம். சத்தம் வேண்டுமென்றால் ரசிகர் குழுக்கள் பக்கம் உட்காருங்கள், பி ஸ்டாண்ட் புளூஸ், சூப்பர் மச்சான்ஸ் எல்லாம் 90 நிமிடமும் நின்றுகொண்டேதான் பாடுவார்கள். அவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு மறைக்கிறது என்று சொல்வது முறையல்ல.

நாலு பேர் சேர்ந்து போவதாக இருந்தால் இரண்டு டிக்கெட் பக்கவாட்டு மேல் வரிசையிலும் இரண்டு டிக்கெட் கோலுக்குப் பின்னாலும் வாங்குங்கள். உள்ளே போனபின் ஒரு கேலரியிலிருந்து இன்னொன்றுக்கு மாற முடியாது, அதனால் வாங்கும்போதே பிரித்துக்கொள்ள வேண்டும். ஆழத்தைப் பார்த்தவரும் அகலத்தைப் பார்த்தவரும் வெளியே வந்து பேசினால் அந்தக் கடைசி 20 நிமிடம் முழுதாகக் கிடைக்கும். வீட்டுக்குப் போய் ஹைலைட்ஸ் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம் என்றால் அது நடக்காது. டிவி கேமரா பந்தைத் தொடரும், பந்து இல்லாத இடத்தில் பேக் எப்படி நின்றார் என்பது அதில் இருக்காது.

திரும்பும் வழி வடசென்னைக்காரர்களுக்குச் சிரமமில்லை. 7.30 ஆட்டம் 9.25 வாக்கில் முடியும். வியாசர்பாடி ஜீவா, பெரம்பூர் போகிறவர்கள் மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸில் அரக்கோணம் வழி ரயில் பிடிக்கலாம், பேசின் பிரிட்ஜுக்கு அடுத்த நிறுத்தமே ஜீவா. கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் கும்மிடிப்பூண்டி வழி ரயில். இரண்டும் ஒரே நிலையத்திலிருந்துதான், பலகையைப் பார்த்து ஏறுங்கள், பேச்சு சுவாரசியத்தில் மாறி ஏறுகிறவர்கள் உண்டு. மெட்ரோவில் போகிறவர்களுக்கு சென்ட்ரலிலிருந்து விம்கோ நகர் வரை மாறாமல் போகலாம். வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, சுங்கச்சாவடி எல்லாம் வழியில் வரும். ஆட்டம் முடிந்ததும் முதல் 10 நிமிடம் வாசலில் நெரிசல். பிள்ளைகளோடு வந்தவர்கள் உள்ளேயே உட்கார்ந்து ஆட்டக்காரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்து கைதட்டுவதைப் பார்த்துவிட்டுக் கிளம்பினாலும் ரயில் கிடைக்கும்.